இரண்டு நிமிடம் பேசத் தெரியாதவள்

டிக்.

மருந்துக்கடைக்காரர் சீட்டில் ஏதோ குறித்துவிட்டுப் பேனாவின் தலையைத் தட்டினார். நான்கு நிற மை உள்ள தடித்த பேனா. நீலம் உள்ளே போய்ச் சிவப்பு வந்து உட்கார்ந்தது. கண்ணாடியில் ஒரு சின்னப் பூச்சி மோதினால் எவ்வளவு கேட்குமோ அவ்வளவுதான் சத்தம். என் காதுக்கு மட்டும் அது ஒரு கதவு சாத்திக்கொள்ளும் சத்தமாகக் கேட்டது. பேச்சு முடிந்தது, எழுந்து போகலாம் என்று சொல்கிற சத்தம். அந்தச் சத்தத்தால் தன் வாக்கியங்களை முடிக்கிற ஒருத்தியை எனக்குத் தெரியும்.

வகுப்பில் எல்லாரும் அவளை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினான்கு வருடமாக நர்ஸ். ஹனூர்ப் பக்கத்துக்காரி, ராகியும் கல்லும் விளைகிற ஊர். முப்பத்தெட்டு வயதிருக்கும். எனக்கு அப்போது நாற்பத்தாறு. மைசூரில், தேவராஜ மொஹல்லாவில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில், வெளிநாடு போகிறவர்கள் எழுதவேண்டிய ஆங்கிலத் தேர்வுக்கு இருவரும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் அயர்லாந்தில் ஒரு மருத்துவமனை வேலைக்கு. நான் ஒரு வருடப் படிப்புக்கு. இந்த வயதில் என்ன படிப்பு என்று வீட்டில் எல்லாரும் கேட்டு ஓய்ந்த பிறகு சேர்ந்திருந்தேன்.

கீழே பித்தளைக் குடத்தைத் தட்டித் தட்டிக் காட்டுவார்கள். ஜன்னல் வழியாக மல்லிகையும் அழுகின வாழையிலையும் ஒரே மூச்சில் உள்ளே வரும். அந்தச் சத்தத்துக்கும் வாசனைக்கும் நடுவில் உட்கார்ந்து, பனி பெய்கிற ஊர்களில் பேசவேண்டிய மொழியை நாங்கள் பன்னிரண்டு பேர் பேசிப் பழகினோம்.

தேர்வு நான்கு பகுதி. கேட்பது, படிப்பது, எழுதுவது மூன்றையும் சிஸ்டர் எப்போதோ தாண்டிவிட்டாள். பேசுவதில்தான் நின்றாள். அதில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அட்டையில் ஒரு விஷயம் இருக்கும்: உங்கள் ஊர், உங்களுக்குப் பிடித்த ஆள், மறக்க முடியாத பயணம். ஒரு நிமிடம் யோசிக்கலாம். பிறகு இரண்டு நிமிடம், எதிரே இருக்கிறவர் ஒரு வார்த்தை உதவாமல் பார்த்துக்கொண்டிருக்க, நிறுத்தாமல் பேசவேண்டும். சிஸ்டர் இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அந்த இரண்டு நிமிடத்தில் அரைப் புள்ளி குறைந்து திரும்பியிருந்தாள். இது மூன்றாவது. அந்த மாதக் கடைசி வரைதான் அவளுக்கான இடத்தை வைத்திருப்போம் என்று அயர்லாந்திலிருந்து எழுதிவிட்டார்கள். அதற்குப் பிறகு வேறு ஆள்.

மாஸ்டர் எங்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததற்குக் காரணம் இருந்தது. "உங்களுக்கு நிறுத்தத் தெரியல மேடம். சிஸ்டருக்கு ஓட்டத் தெரியல. ரெண்டு பேரும் ஜோடியா பிராக்டீஸ் பண்ணுங்க, சரியாயிடும்."

முதல் அட்டை, உங்கள் ஊர். நான் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டேன். சிஸ்டர் தன் நான்கு நிறப் பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், என் நினைவில் தமிழாக நிற்கிறது. "என் ஊர் ஹனூர் பக்கம். வெயில் அதிகம். மழை குறைவு. அப்பா அம்மா அங்கே இருக்கிறார்கள். வருடத்துக்கு இரண்டு முறை போவேன். நன்றி."

டிக்.

பதினாறு விநாடி.

"அவ்வளவுதானா சிஸ்டர்?"

"வேற என்னங்க்கா இருக்குது? ஊரு அங்கேயேதான் இருக்குது."

தப்பில்லாத ஆங்கிலம். ஒவ்வொரு வார்த்தையும் துவைத்துக் காயவைத்த மாதிரி. இரண்டாவது வாக்கியம் எதற்கு என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. ஒருநாள் சாமுண்டி மலைப்படியில் நான் மாட்டிக்கொண்ட மழையை அவளிடம் சொன்னேன். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, ஊர் முழுக்க எப்படிக் கரைந்து போனது, ஒரு குரங்கு என்னைப் பார்த்த பார்வை, எல்லாம். பத்து நிமிடம் ஆகியிருக்கும். கேட்டு முடித்து அவள் கேட்டாள்: "நனைஞ்சீங்களாக்கா?"

நனைந்தேன் என்றேன். தலையாட்டிக்கொண்டாள். என்னுடைய பத்து நிமிடத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

அவள் கணவர் ஹெப்பாளில் ஒரு மெஷின் ஷாப்பில் ஆபரேட்டர். அவருக்கும் ஷிஃப்ட் வேலை. வகுப்புக்கு நடுவில் போன் வரும். "சொல்லுங்க. ம். மாத்திரை? ம். சரி." வைத்துவிடுவாள். "வீட்டிலயாவது பேசிக்குவீங்களா?" என்று கேட்டேன். "அவரு செருப்பு கழட்டறப்ப நான் செருப்பு மாட்டுவனுங்க்கா. வாசல்ல பாத்துக்குவோம்."

மாஸ்டர் எல்லாருக்கும் மாதிரிப் பதில்கள் அச்சடித்துக் கொடுத்திருந்தார். எங்கள் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேருக்கு விஞ்ஞானியாக ஒரு மாமா இருந்தார். ஏழு பேர் கடலில் டால்ஃபின் பார்த்திருந்தார்கள். சிஸ்டர் அந்தத் தாளை மடித்துப் பையின் அடியில் போட்டாள். "இல்லாத மாமனைப் பத்தி ரெண்டு நிமிசம் பேசோணும்னா, அந்தாளுக்கு என்ன சீக்குன்னு யோசிக்கத் தோணுதுங்க்கா, வேறொண்ணும் வரமாட்டேங்குது."

"ஸ்வல்ப ஜாஸ்தி பேசுங்க சிஸ்டர்," என்று மாஸ்டர் கெஞ்சுவார். "அவங்க கேக்கறதுக்காகவே உக்காந்திருக்காங்க!"

"யாரு சார் கேக்கறாங்க?" என்றாள் ஒரு தடவை. கோபமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பிறகு ஒரு நாள் பஸ்ஸில் தெரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளும் நீளமாகத்தான் பேசினாளாம். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது, இவர் காலையில் இட்லி வேண்டாம் என்றார், மகன் வந்த பிறகு முகம் தெளிந்தது என்று ஆரம்பிப்பாளாம். "பாயின்ட் சொல்லும்மா, பாயின்ட்" என்பார்களாம். அப்படியே ஒவ்வொரு வாக்கியமாக உதிர்த்து, கடைசியில் பாயின்ட் மட்டும் மிஞ்சியது. ஒருநாள் ஏழாம் நம்பர் கட்டில். எழுதி வைத்த எண்கள் எல்லாம் சரி, ஆளைப் பார்த்தால் சரியில்லை. டியூட்டி டாக்டரிடம் சொன்னாள், அவர் தலை நிமிரவில்லை. பெரிய டாக்டருக்கே போன் போட்டு மூன்று வாக்கியம் சொன்னாள். அவர் வந்தார். அந்த மனுஷர் பிழைத்து நடந்து வீட்டுக்குப் போனார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்னுங்க, நேரா பெரியவருக்குப் போன் போட்டதுக்குத் திட்டு விழுந்துச்சு." ஜன்னல் பக்கம் பார்த்தாள். "உனக்கெப்படித் தெரிஞ்சுதுன்னு ஒருத்தரும் கேக்கலீங்க்கா."

அயர்லாந்தில் நர்ஸ் சொன்னால் டாக்டர் நின்று கேட்பாராம், எழுதி வைத்துக்கொள்வாராம். அங்கே போன தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள். அதற்காகத்தான் போகிறேன் என்று அவள் சொல்லவில்லை. போனதும் ஆறு மாதத்தில் கணவரையும் அழைத்துக்கொள்ளலாம், அவருக்குச் சர்க்கரை, இங்கே இரவு ஷிஃப்ட் கெடுக்கிறது என்றுதான் சொன்னாள். இருந்தாலும் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்ன அந்த ஒரு வாக்கியம் என்னோடு இறங்கி வந்து, என்னோடு சமையல் செய்து, என்னோடு படுத்துக்கொண்டது.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அது நடந்தது. காலை பதினோரு மணி, வகுப்பு இடைவேளை. மார்க்கெட்டின் பூ வரிசையில் நான் கனகாம்பரம் வாங்கிக்கொண்டிருந்தேன். முழம் போட்டுக்கொண்டிருந்த பூக்காரம்மாவின் கை அப்படியே நிற்க, அவள் பக்கத்துக் கூடைமேல் சாய்ந்துவிட்டாள். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை, நிறையக் கத்தினேன். என்னோடு வந்திருந்த சிஸ்டர் என்னைத் தாண்டி உள்ளே போய்க் கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"தண்ணி வேண்டாம். கூட்டம் தள்ளு. ஆம்புலன்ஸ்." ஒவ்வொரு கட்டளையும் ஒரு மூச்சு. சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் கை கோத்து வழி விட்டார்கள். பூக்காரம்மா வேர்த்து நனைந்திருந்தாள். தாடை வலிக்கிறது என்று கன்னடத்தில் முனகினாள். சிஸ்டர் அவள் கையை விடவில்லை. அவள் வாயருகே குனிந்து, முனகலையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சர் ஏறியது. கதவைச் சாத்தப் போனான் ஆம்புலன்ஸில் வந்த பையன், நீலச் சட்டை, இருபத்தைந்து வயதிருக்கும். சிஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டாள். பேசத் தொடங்கினாள்.

கன்னடத்தில் பேசினாள், அதுவும் நீளமாக. எத்தனை மணிக்குச் சாய்ந்தாள், அதற்கு முன் எந்தக் கையைத் தடவிக்கொண்டிருந்தாள், காலையில் காபி மட்டும்தான், பூக்கூடையின் அடியில் இருந்த மாத்திரை அட்டை இதோ, இதில் இரண்டு குறைகிறது, நேற்றும் வலித்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. பயந்தால் பேச்சு நிற்கிறது, கையைப் பிடித்தால் வருகிறது, ஆகவே கையைப் பிடித்துக்கொள். கடைச் சாவி இடுப்பில் இருக்கிறது, அதை எடுத்தால் பதறுவாள், எடுக்காதே. மகள் பெயர் இது, நம்பர் இது. சொல்லிக்கொண்டே போனாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். பழக்கதோஷம், கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆயித்து சிஸ்டர், ஆயித்து," என்றான் பையன். அவள் கதவை விடவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் குழம்பி, பிறகு ஏதோ பிடிபட்டவனாக, "தகொண்டே சிஸ்டர்" என்றான். எடுத்துக்கொண்டேன்.

கதவை விட்டாள். பையிலிருந்து பேனாவை எடுத்து ஒரு தட்டு. டிக்.

(பூக்காரம்மா ஒரு மாதத்தில் அதே இடத்துக்கு வந்துவிட்டாள். இன்றும் எனக்கு அரை முழம் கூடப் போடுகிறாள், அன்று நான் கத்தியதற்காக.)

மாடிப்படி ஏறும்போது கேட்டேன். "அவன் அப்படிச் சொல்றவரைக்கும் ஏன் விடல?"

அது வார்டுப் பழக்கம் என்றாள். ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு கட்டிலாக நின்று, அந்த ஆளைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அடுத்து வருகிறவளிடம் சொல்லவேண்டும். எல்லா வார்டிலும் உள்ளதுதான். அவள் வார்டில் கூடுதலாக ஒன்று. கேட்டவள் வாய் திறந்து 'எடுத்துக்கிட்டேன்' என்று சொல்லவேண்டும். சரி என்பது போதாது, தலையாட்டலும் போதாது. அந்த வார்த்தை விழும்வரை சிஸ்டர் நகரமாட்டாள். அதற்காகப் பஸ்ஸை விட்ட நாள் எத்தனையோ. அவளுக்கு அடுத்த ஷிஃப்ட் பார்க்கிற கொள்ளேகால் பெண் ஒருத்தி, வகுப்பு வாசலில் இரண்டு மூன்று தடவை பார்த்திருக்கிறேன், அவளுக்குத் தேர்வு முதல் தடவையிலேயே முடிந்து அதே அயர்லாந்து மருத்துவமனையில் இடம் வந்திருந்தது. "அந்தப் புள்ளைகிட்ட மட்டுந்தானுங்க்கா நான் பேசறது. அவ கேக்கோணும், இல்லீனா கட்டில்ல இருக்கறவங்களுக்கு ஆகாது."

நான் படியிலேயே நின்றுவிட்டேன். பதினான்கு வருடமாக தினமும், கட்டிலுக்குக் கட்டில், இவள் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் வந்த அட்டை, உங்கள் குடும்பத்தில் ஒருவர். சிஸ்டர் கணவரைப் பற்றிச் சொன்னாள்: வயது, வேலை, நல்லவர், நன்றி. பேனாவைத் தட்டக் கட்டைவிரல் எழுந்தது. நான் அந்தப் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நான் அடுத்த ஷிஃப்ட். நீங்க கெளம்பறீங்க. அவரை எங்கிட்ட விட்டுட்டுப் போறீங்க. சொல்லுங்க."

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு முதுகு நிமிர்ந்தது. அந்த ஆம்புலன்ஸ் கதவருகே பார்த்த முதுகு. ஆங்கிலத்தில் தொடங்கினாள். இவருக்குச் சர்க்கரை, ஒன்பது வருடமாக. 'ஒண்ணுமில்ல' என்று ஒரு தடவை சொன்னால் ஒன்றுமில்லை. இரண்டு தடவை சொன்னால் உடனே சோதித்துப் பார். இனிப்பைத் தேடினால் டூல் பாக்ஸில் ஸ்பேனர்களுக்குக் கீழே தேடு. சர்க்கரை இறங்கினால் இவர் ஜோக் இவருக்கே ரொம்பச் சிரிப்பாக வரும். கூடச் சிரிக்காதே, கற்கண்டு கொடு. இவர் பாதத்தை இவரால் பார்க்க முடியாது, வயிறு மறைக்கும். ஷூ போட்டு எட்டு மணி நேரம் நிற்கிறவர், ஆகவே விரல் இடுக்கில் டார்ச் அடித்து நீதான் பார்க்கவேண்டும். பார்க்கும்போது கூச்சத்தில் காலை இழுப்பார். பாட்டுப் போடு, இழுக்கமாட்டார்.

மற்ற பெஞ்சுகளெல்லாம் எங்கள் பக்கம் திரும்பியிருந்தன. அச்சுத் தாள்களில் இருந்த விஞ்ஞானி மாமாக்களெல்லாம் மேஜைமேல் குப்புற விழுந்துகிடந்தார்கள். நேரத்தைப் பார்க்கிற நினைப்பே எனக்கில்லை. முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைகூட அசையவில்லை. எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்கு ஒரு விநாடி தாமதமாகத்தான் விளங்கியது.

"எடுத்துக்கிட்டேன்," என்றேன்.

"பேனா குடுங்க்கா," என்றாள்.

தேர்வன்று வாசலில் நானும் அவள் கணவரும் நின்றோம். உருண்டையான மனிதர், மீசையில் பாதி நரை, மைசூரிலேயே பிறந்து வளர்ந்தவர். "நேத்து மெஷின் முன்னாடி நின்னு கும்பிட்டேன் மேடம், சூப்பர்வைசர் பாத்துச் சிரிச்சான்," என்றார். தானே சிரித்தார். நான் அவசரமாக அவர் முகத்தைப் பார்த்தேன், கற்கண்டு வேண்டியிருக்குமோ என்று.

சிஸ்டர் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"என்ன அட்டை?"

"வீட்டில் நீங்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஒரு பொருள்."

"என்ன சொன்னே?" என்றார் கணவர்.

"மிக்ஸி."

"நம்ம மிக்ஸியா? அந்த ஓட்டை மிக்ஸியவா?"

"அதையேதானுங்க. கேள்வி கேட்டவருகிட்ட ஒப்படைச்சுட்டேன்." மூடியை இடதுகையால் அழுத்தினால்தான் ஓடும் என்பதிலிருந்து தொடங்கினாளாம். தேங்காய்க்கு ஒரு சத்தம், இட்லி மாவுக்கு ஒரு சத்தம். மூன்றாவதாக ஒரு சத்தம் வந்தால் நிறுத்திவிடு. புகை வந்தால் பயப்படாதே, தலைகீழாகக் கவிழ்த்து அடியில் இருக்கிற சிவப்புப் பொத்தானை அழுத்து. தேர்வு எடுத்தவர் வெள்ளைக்கார முதியவர், நேரமாயிற்று என்று கை காட்டியிருக்கிறார். "ஒன் பாயின்ட் பெண்டிங் சார்" என்று இவள் அவரையே நிறுத்தி, ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடாதீர்கள் என்று முடித்திருக்கிறாள். அவர் சிரித்துவிட்டாராம்.

"அப்புறம் என்ன சிஸ்டர், ஜெயிச்சாச்சு!"

"அவரு எடுத்துக்கிட்டேன்னு சொல்லலீங்க்கா." முகம் இப்போதுதான் வாடியது. "தேங்க்யூன்னாரு. எழுந்து வரவே மனசில்ல."

சில நாளில் முடிவு வந்தது. தேவைப்பட்டது அரைப் புள்ளி. ஒரு புள்ளி கூடியிருந்தது. மாதம் முடிய ஒரு வாரம் இருந்தது. எனக்குப் போன் வந்தது. "அக்கா. வந்துருச்சு. போறனுங்க." வைத்துவிட்டாள். நான் கேட்க வைத்திருந்த நாற்பது கேள்விகளும் என் கையிலேயே இருந்தன. என் தேர்வில் நான் எழுத்துத் தாளில் விழுந்தேன்; கேட்டதைவிட இருநூறு வார்த்தை கூட எழுதியிருந்தேன். அவளிடம் சொன்னபோது, "மறுக்கா எழுதுங்க்கா, பாதியில நிறுத்துங்க," என்றாள். இரண்டையும் செய்யலாம் என்று இருக்கிறேன்.

மத்தியானம் இரண்டரை மணிக்கு ஏர்போர்ட் பஸ். சிஸ்டரும் அந்தக் கொள்ளேகால் பெண்ணும் சேர்ந்து புறப்பட்டார்கள். பெட்டிகள் ஏறிவிட்டன. சிஸ்டர் என் கையை ஒரு தடவை அழுத்தினாள். அந்த நான்கு நிறப் பேனா அவள் சட்டைப்பையில் இருந்தது. கணவரைப் பார்த்து, "டார்ச்சு அலமாரியில," என்றாள். அவர் தலையாட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள்.

கொள்ளேகால் பெண் ஏறப் போனாள். கணவர் பஸ் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"பாரும்மா, நானும் ஷிஃப்ட்காரன்தான். மெஷினை அடுத்த ஆளுகிட்ட அப்படியே விட்டுட்டு வந்ததில்ல. இவளைப் பத்திச் சொல்லிடறேன்."

"சொல்லுங்கண்ணா."

"இவளுக்குப் பசின்னு சொல்ல வராது. சத்தம் கொறைஞ்சா பசி. ஏற்கெனவே சத்தம் கம்மி, அதனால ஸ்வல்ப உன்னிப்பாப் பாக்கணும். சூடானா துணி மடிப்பா. மடிச்சதையே மறுபடி மடிச்சா நெஜமாவே சூடு. கிட்ட போகாத, ஒரு டீ வெச்சுட்டு வந்துடு. இடது முட்டி படி ஏறினா வலிக்கும், வலிக்கலைன்னுதான் சொல்லுவா."

"ஏனுங்க, பஸ்ஸு!" என்று உள்ளேயிருந்து சிஸ்டரின் குரல். கண்டக்டர் விசில் அடித்தார்.

"சும்னே இரு. ஒரு பாயின்ட் பாக்கி இருக்கு." கதவை இன்னும் இறுக்கிப் பிடித்தார். குரல் இறங்கிவிட்டது. "ஏதாச்சும் ஒரு நாள் இவ சொன்னதை யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. அன்னிக்கு வீட்டுக்கு வந்து வாயே திறக்க மாட்டா. அப்ப நீ பக்கத்துல உக்காந்து கேளும்மா, உனக்கெப்படித் தெரிஞ்சுதுன்னு. நான் கேக்காமலே விட்டுட்டேன்."

ஜன்னலில் சிஸ்டர் இருந்தாள், பேனாவைக் கையில் எடுத்து, தட்டாமல் பிடித்தபடி. கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். கணவர் கதவை விடாமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"எடுத்துக்கிட்டேன் அண்ணா."